சில்லுக்கு விலை இல்லை

டாஸ்மாக் காலி பாட்டில் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "டிப்ளமா படிச்சது இதுக்குத்தானா அம்மிணி?" என்றார். இதற்கும்தான்!

போத்தனூரில் எங்கள் தெருவைத் தாண்டினால் ரயில் பாதை. பொழுது சாய்ந்தால் அதன் ஓரத்துப் புதரில் குடிக்க உட்காருவார்கள். எழுந்து போகும்போது பாட்டிலைக் கல்லில் அடித்து உடைப்பார்கள். அதில் என்ன சந்தோஷமோ! ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போன எங்கள் பாட்டிக்கு உள்ளங்காலில் சில்லு ஏறி, ஆறு தையல். சர்க்கரை இருக்கும் உடம்பு. புண் ஆற மூன்று மாதம் ஆனது. விரலை எடுக்க வேண்டிவருமோ என்று நாங்கள் தூக்கம் கெட்ட நாட்கள் அவை.

காட்டில் யானைகளுக்கும் இதே ஆபத்துதான். மலைப்பகுதியில் வீசப்படும் பாட்டில்கள் பற்றிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு, 2022 மே மாதம் நீலகிரியில் காலி பாட்டில் திரும்பப் பெறும் திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் கைக்கு வந்துவிடும். பிறகு கோவைக்கும் வந்தது.

யோசனை ஒன்றும் புதிதல்ல. கோலி சோடாவைக் கடையிலேயே குடித்து பாட்டிலை வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். கழுவி, மறுபடி நிரப்பி, மறுபடி விற்பார்கள். ஒரே பாட்டில் எத்தனை திருவிழா பார்த்திருக்கும்! உடைந்துபோனாலும் கண்ணாடியை உருக்கிப் புதிதாக வார்க்கலாம், தரம் குறையாது. மணலில் இருந்து செய்வதைவிட எரிபொருளும் மிச்சம்.

குடித்தவரே பொறுப்பாகத் திருப்பிக் கொடுக்கிறார் என்றா நினைக்கிறீர்கள்? எங்கள் பக்கம் அந்த வேலையைச் செய்வது, விடிகாலையில் சாக்கோடு வரும் ஓர் அக்கா. முன்பு பழைய இரும்புக் கடையில் பாட்டிலுக்கு ஒன்றோ இரண்டோதான் கிடைக்குமாம். இப்போது பத்து. கடையில் ஒட்டிய ஸ்டிக்கர் போய்விட்டால் காசு இல்லை என்பதால், சேறு படிந்த பாட்டிலைக்கூடக் கழுவுவதில்லை. ஸ்டிக்கரை விட்டுச் சுற்றிலும் முந்தானையால் துடைக்கிறார்.

"குடிக்கறவங்ககிட்டயே சொல்லி வெச்சிருக்கேன் அம்மிணி. ஒடைக்காதீங்க சாமி, அப்படியே வெச்சுட்டுப் போங்கன்னு. பாதிப் பேர் கேக்கறாங்க."

கடை ஊழியர்களுக்குத்தான் இதில் சங்கடம். சரக்கு வைக்கவே இடமில்லாத கடையில் காலி மூட்டைகளை எங்கே அடுக்குவது என்று அவர்களின் சங்கங்கள் கேட்கின்றன. நியாயமான கேள்வி. எண்ணவும் அடுக்கவும் தனி ஆளும் இடமும் கொடுக்காமல் எந்தத் திட்டமும் ஓடாது.

மீதிப் பாதிப் பேர் உடைப்பதை என்ன செய்வது என்று அக்காவிடம் கேட்டேன்.

"சில்லுக்கு யாரு காசு தர்றாங்க? அது அங்கயேதான் கெடக்குது."