மாப்பிள்ளையின் பயம், மகளின் பிடிவாதம்

டெக்சாஸில் மகள் வீட்டிலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

டல்லாஸுக்கு வடக்கே பிளேனோ என்று ஊர். மகள் பிசியோதெரபிஸ்ட். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை இல்லை. இடுப்பு, முட்டி ஆபரேஷன் ஆனவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் வீடுகளுக்குக் காரில் போய் நடக்கப் பழக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து வீடு, ஆறு வீடு. டிசம்பரில் ஐந்தரைக்கே இருட்டிவிடுகிறது. கடைசி வீட்டை முடித்துக்கொண்டு யாரோ ஒருவரின் அபார்ட்மெண்ட் வாசலில் தனியாகக் காரைத் தேடி நடப்பாள்.

மாப்பிள்ளை ஒரு வருஷமாக ஒரே பாட்டு. "ஒரு ஹேண்ட்கன் வாங்கித் தர்றேன், வெளிய தெரியாம கூட வச்சுக்கோ." இவள் முடியாது என்கிறாள். நான் வந்து இறங்கி ஜெட்லாக்கூடத் தெளியவில்லை, என்னிடம் வந்துவிட்டார். "அத்தை, நீங்க டீச்சர். நீங்க எடுத்துச் சொன்னா கேப்பா."

அவர் சண்டைக்காரர் இல்லை. கோயம்புத்தூர்க்காரர், குரல் உயர்த்திப் பேசமாட்டார். அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பக்கத்து ஊர் ஆலன். அங்கே ஒரு ஷாப்பிங் மாலில் 2023 மே 6 அன்று ஒருவன் சுட்டதில் எட்டுப் பேர் இறந்தார்கள். அதில் ஒருத்தி ஹைதராபாத் பக்கத்துப் பெண், இளம் இன்ஜினியர். அந்த மாலில்தான் இவர்கள் பேத்திக்கு ஷூ வாங்குவார்களாம். அதற்கு முந்தின ஆகஸ்டில் இதே பிளேனோவில் ஹோட்டல் பார்க்கிங்கில் நாலு இந்தியப் பெண்களை ஒரு பெண் இந்தியர்கள் என்பதற்காகவே திட்டி அடித்தாள். வீடியோ உங்களுக்கும் வாட்ஸப்பில் வந்திருக்கும். இதெல்லாம் போதாதென்று போன குளிர்காலத்தில் ஒரு பிக்கப் வண்டி மகளின் காரைப் பத்து நிமிஷம் பின்தொடர்ந்திருக்கிறது. அவள் வீட்டுக்குத் திரும்பாமல் நேரே ஃபயர் ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். வண்டி போய்விட்டது. அன்றிலிருந்து மாப்பிள்ளைக்குத் தூக்கம் இல்லை.

சட்டத்தைச் சொன்னால் நம்மூரில் நம்பமாட்டீர்கள். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் இருபத்தொரு வயது நிறைந்த, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாத ஒருவர், லைசென்ஸே இல்லாமல் கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடலாம். கூடாத இடங்கள் தனியாக உண்டு. 'துப்பாக்கியோடு உள்ளே வராதே' என்று சொல்ல நினைக்கும் கடைக்காரர், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஒரு அங்குல உயர எழுத்தில் அறிவிப்பு வைக்க வேண்டும். மது விற்றே பாதி வருமானத்துக்கு மேல் பார்க்கும் இடங்களில் சிவப்பில் 51% என்று ஒரு போர்டு. முதல் தடவை அதைப் பார்த்தபோது ஏதோ தள்ளுபடி என்று நினைத்தேன், சிரிக்காதீர்கள். நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸுக்கு நடையாய் நடக்க வேண்டும், தேர்தல் வந்தால் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்கவும் வேண்டும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவளை இந்தப் பஞ்சாயத்துக்கு உட்கார வைத்துவிட்டார்கள்.

சாப்பாட்டு மேஜையில் தினமும் விவாதம். உவால்டே பள்ளிக்கூடத்தை இரண்டு பேருமே சாட்சிக்கு இழுப்பார்கள். 2022 மே 24, பத்தொன்பது பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள். அந்தப் பேச்சு வந்தாலே எனக்குச் சோறு இறங்காது. மாப்பிள்ளை சொல்வார், "போலீஸ் வந்தும் ஒரு மணி நேரத்துக்கு மேல வெளியவே நின்னாங்க. நம்மள நாமதான் பாத்துக்கணும்." மகள் சொல்வாள், "பயிற்சி எடுத்த போலீஸ்காரங்களே துப்பாக்கிய வச்சுக்கிட்டு நின்னாங்க. நான் என்ன பண்ணிடுவேன்?"

"கார்ல தீயணைப்பான் வச்சிருக்கோம்ல, அது மாதிரிதான்" என்றார் ஒரு நாள். "தீயணைப்பான பாப்பா எடுத்து விளையாடினா யாரும் சாகமாட்டாங்க" என்றாள் இவள்.

ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போனோம். சுடாமல் எப்படி வேண்டாம் என்று சொல்வது என்று மகளே ஒத்துக்கொண்டு வந்தாள். என்னைப்போல விசிட்டர் விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, அனுமதிப்பதில்லை. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காது மூடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வெடிக்கும் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. வருஷா வருஷம் நியூட்டனின் மூன்றாம் விதிக்குத் துப்பாக்கியின் பின்னுதைப்பைக் கரும்பலகையில் வரைந்து காட்டியவள்தான். என் மகளின் மணிக்கட்டு மேலே தூக்கி எறியப்படுவதைப் பார்ப்பது வேறு.

ஆனால் அவள் நன்றாகச் சுட்டாள். தினமும் ஆளைத் தூக்கி நிறுத்தும் கைகள், நடுக்கமே இல்லை. ஏழு கஜ தூரத்தில் காகித மனிதனின் மார்பில் எல்லாத் துளையும் ஒரு தட்டுக்குள் அடங்கிவிட்டது. மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. காரியம் முடிந்தது என்றே நினைத்தார்.

காரில் வரும்போது அவள் பேசினாள். "சுடறது கஷ்டம் இல்லம்மா. சுடணுமா வேணாமான்னு ரெண்டு செகண்ட்ல முடிவெடுக்கணும், அதான். என் பேஷண்ட் சில பேருக்கு மறதி நோய். கதவத் திறந்ததும் கத்துவாங்க, கம்ப ஓங்குவாங்க. கிட்டப் போய்த் தோளத் தொட்டா அடங்கிடுவாங்க. இடுப்புல அது இருந்தா நான் கிட்டப் போவேனா?" கொஞ்ச நேரம் கழித்து, "பயம் அவருக்கு, சுமை எனக்கா?" என்றாள். மாப்பிள்ளை ரோட்டைப் பார்த்தே ஓட்டினார்.

வேலையில் நடைமுறைச் சிக்கலும் இருந்தது. நோயாளியின் இடுப்பில் ஒரு பட்டை கட்டி, அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வைப்பாள். தடுமாறினால் அவர்கள் இவள் மேல்தான் சாய்வார்கள், கைக்குக் கிடைத்ததைப் பிடிப்பார்கள். அவள் போடும் ஸ்க்ரப்ஸ் பேண்ட்டுக்கு எலாஸ்டிக் மட்டும்தான், பெல்ட் கிடையாது. உறையை எங்கே மாட்டுவது? அவள் நிறுவனமும் நோயாளி வீட்டுக்குள் ஆயுதம் கூடாது என்கிறது. அப்படியென்றால் அது காரில் கிடக்கும், கண்ணாடியை உடைப்பவனுக்கு வசதியாக.

மிச்சம் இருந்தது கைப்பை. அதற்கென்றே தனி அறை வைத்துத் தைத்த பைகள் விற்கின்றன. மாப்பிள்ளை பிறந்தநாளுக்கு ஒன்று பார்த்து வைத்திருந்தார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் நடந்ததைச் சொன்னேன். அணு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த, துப்பாக்கி நன்றாகத் தெரிந்த 29 வயதுப் பெண். வால்மார்ட்டில் சாமான் வாங்கும்போது தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயது மகன் அவள் பையின் ஜிப்பைத் திறந்து எடுத்துவிட்டான். தாய் அந்த இடத்திலேயே போய்விட்டாள். அந்தப் பை, அந்த கிறிஸ்துமஸுக்குக் கணவன் ஆசையாக வாங்கிக் கொடுத்தது.

எங்கள் பேத்திக்கு நாலு வயது. சூயிங் கம் தேடி அம்மாவின் பையைக் கவிழ்ப்பதுதான் அவளுக்கு முழுநேர வேலை. மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை.

இன்னொன்றும் கேட்டேன். "மாப்பிள்ளை, இங்க 2021ல துப்பாக்கியால 48,830 பேர் இறந்திருக்காங்க. அதுல பாதிக்கு மேல தற்கொலை. தெரியுமா?" "நம்ம வீட்டுல அப்படி யாரும் இல்லையே அத்தை" என்றார். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் நான். ரிசல்ட் வந்த மறுநாள் எந்தெந்த வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். அந்த வீட்டுக்காரர்களும் முந்தின நாள் வரை இதையேதான் சொல்லியிருப்பார்கள். பேத்திக்கும் ஒரு நாள் பதினாறு வயது ஆகும்.

அப்போதுதான் மெதுவாக ஒரு விஷயம் வெளியே வந்தது. கொரோனா சமயத்தில் வாங்கிய ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. எங்கே? பீரோ மேல் தட்டில், போர்வைக்கு அடியில்! குழந்தை கைக்கு எட்டும்படி விட்டால் டெக்சாஸிலேயே அது குற்றம். அன்று மகள் போட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. மறுநாள் சாயங்காலமே நம்பர் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி வந்து சுவரோடு போல்ட் ஆகிவிட்டது. தோட்டா தனிப் பெட்டியில்.

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் மடையர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த ரேஞ்சில் பாடம் நடத்திய வெள்ளைக்கார அம்மா என்னைவிடக் கண்டிப்பான டீச்சர். சுடும் நொடி வரை விரல் ட்ரிகர் பக்கம் போகக் கூடாது என்று மாப்பிள்ளையையே இரண்டு தடவை அதட்டினார். தானாக விரும்பி, வாராவாரம் பழகி, அதற்குத் தகுந்த வாழ்க்கையும் அமைந்த பெண் வைத்துக்கொள்ளட்டும். மனசில்லாதவள் பையில் திணிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். வேண்டிய நேரத்தில் அவள் அதை எடுக்கமாட்டாள். வேண்டாத கை எடுத்துவிடும்.

ஆனாலும் மகளிடம் ஒன்று சொன்னேன், அவர் பயத்தைக் கிண்டல் பண்ணாதே என்று. அந்த மனுஷன் சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலோரம் நிற்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

இப்போதைக்கு இப்படி முடிந்திருக்கிறது. லைசென்ஸ் வகுப்புக்கு இரண்டு பேரும் சேர்ந்து போகிறார்கள். நாலு முதல் ஆறு மணி நேரப் பாடம், பிறகு ஐம்பது குண்டு சுட்டுக் காட்ட வேண்டும். லைசென்ஸ் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம் என்றாலும், பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் மத்தியச் சட்டம் வேறு. மாநில லைசென்ஸ் உள்ளவருக்குத்தான் அங்கே விலக்கு. பேத்தியைப் பள்ளியில் விடுகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் மகள் எடுத்துப் போகமாட்டாள், அதை மாப்பிள்ளை ஒத்துக்கொண்டுவிட்டார். பழக்கமில்லாத ஏரியா வீடுகளையெல்லாம் மூன்று மணிக்குள் போட்டுத்தரச் சொல்லி ஆபீஸில் கேட்டு வாங்கிவிட்டாள். கடைசி வீட்டிலிருந்து கிளம்பினால் கார் ஸ்பீக்கரில் வீடு வந்து சேரும் வரை அவரோடு பேச்சு.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் போனில் ஏதோ உறையின் லிங்க்கை அனுப்பினார். விடமாட்டார் போல. அவள் பதிலுக்கு, காரின் முன்னும் பின்னும் மாட்டும் கேமராவின் லிங்க்கை அனுப்பினாள். ஆர்டர் போட்டாயிற்று, செவ்வாய்க்கிழமை வருகிறதாம்.