மூன்று மாதத்து ஸிரப்

நான் செய்ய இருந்த ஒரு தப்பைச் சொல்கிறேன், கேளுங்கள். மார்கழியில் கம்பத்திலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சின்னவளுக்கு ஜுரம், சளி. மூத்தவனுக்கு வாங்கிய செஃபிக்ஸிம் ஸிரப் அலமாரியில் பாதி இருந்தது. கலக்கி மூன்று மாதம்! "கொடுத்துப் பார்ப்போமே" என்றவள், பி.ஏ. படித்த நானேதான்.

"பச்சைப் பிள்ளைக்குப் பழைய மருந்தா, தாயி?" என்று அக்காவின் மாமியார் புட்டியை வாங்கிக்கொண்டார். பள்ளிக்கூடத்தை மிதியாதவர் அவர்.

டாக்டர் குழந்தையை நிறுத்துப் பார்த்தார். வைரஸ் ஜுரமாம், இந்த மருந்து பாக்டீரியாவை மட்டுமே கொல்லும். கலக்கிய ஸிரப் இரண்டு வாரத்துக்குமேல் ஆகாது. குழந்தைக்கு அளவு, எடையைப் பார்த்துத்தான். பென்ஸிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள், குழந்தையோ பெரியவரோ, முதலிலேயே சொல்லிவிட வேண்டுமாம்.

1945-ல் ஸார்டினியாத் தீவின் காக்லியாரியில், சாக்கடை கடலில் கலக்குமிடத்தில் ஜுஸெப்பே ப்ரோட்ஸு கண்டெடுத்த பூஞ்சணத்தின் வம்சம், இந்தச் செஃபலோஸ்போரின்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள், டைபாய்டுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் நம்புவது இவற்றைத்தான். கண்ட ஜுரத்துக்கும் கொடுத்தால் கிருமிகள் பழகிவிடும். அப்புறம் டைபாய்டுக்கு எதைக் கொடுப்பது? 2014 மார்ச் முதல், கடைக்காரர் டாக்டர் சீட்டைப் பார்த்து, நோயாளியின் பெயரைப் பதிந்தே விற்க வேண்டுமென்று விதி வந்தது இதனால்தான்.

சின்னவள் ஐந்தாம் நாள் எழுந்து, திராட்சை கேட்டு அழுதாள். மாமியார் ரசஞ்சாதம்தான் கொடுத்தார்.