தொட்டியின் அடியில் கிடக்கும் மணல்

மீன் வளர்க்கும் வீட்டுக்கு விருந்தினர் வந்தால் மீனின் நிறத்தைப் புகழ்வார்கள். அதன் பெயரைக் கேட்பார்கள். தொட்டியின் விலையையும் விசாரிப்பார்கள். அடியிலே கிடக்கும் மணலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பவரைக் காண்பது அரிது. ஆயினும், அந்த மீன் அடுத்த மாதமும் நீந்துமா என்பதை நிச்சயிப்பதில் அந்த மணலுக்குள்ள பங்கு சொற்பமன்று.

ஒட்டுசுட்டானில் வாழும் நாம் மணலுக்கு அந்நியர் அல்லர். முத்தையன்கட்டுக் குளத்துக்கு நீர் தரும் பேராறு நந்திக்கடலை நோக்கிச் செல்லும் நிலம் இது. கோடையில் மேலே ஈரமே தெரியாத ஆற்றுப் படுகையிலும், மணலைத் தோண்டினால் தெளிந்த நீர் ஊறக் கண்டவர்கள் நாம். நீரைத் தாங்கவும் தெளிவிக்கவும் மணலுக்குத் தெரியும் என்பதை எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டு விறாந்தையில் பேரப்பிள்ளைகளுக்காக ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. நீளம் 2 அடி, அகலம் 1 அடி. மூன்று சென்ரிமீற்றர் உயரத்துக்கு மணல் பரப்ப ஏறக்குறைய 9 கிலோ போதுமானதாயிற்று. வீடு கட்டி மிஞ்சிய ஆற்றுமணலை அரித்து, அரை மில்லிமீற்றருக்கும் ஒரு மில்லிமீற்றருக்கும் இடைப்பட்ட பருமனுள்ளதை எடுத்துக்கொண்டேன்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் வேண்டிய மட்டும் மணல் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். கடல் மணலில் உப்பு மட்டுமா உண்டு? சிப்பித் துகளும் கலந்திருக்கும். அது சிறிது சிறிதாகக் கரைந்து நீரின் கடினத்தன்மையைக் கூட்டும். சந்தேகமானால் ஒரு கரண்டி மணலில் சில துளி வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு உண்டென்று பொருள். கப்பி, மொலி முதலிய மீன்கள் கடின நீரைப் பொறுக்கும். எல்லா மீன்களும் பொறுக்கமாட்டா.

மணலைக் கழுவுவதற்குச் சவர்க்காரம் கூடவே கூடாது. வாளியில் கால்பங்கு மணலை இட்டு, நீரூற்றிக் கையால் கலக்கி, கலங்கல் நீரை ஊற்றிவிட வேண்டும். நீர் தெளியும்வரை பத்துத் தடவையானாலும் சலிக்கலாகாது. பின்னர் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு தட்டை வைத்து, தட்டின்மேல் மெல்ல நீர் வார்த்தால் மணல் குழம்பாது.

அடுத்து நடப்பது கண்ணுக்குத் தெரியாதது. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. மணல்மணிகளின்மேலும் வடிகட்டியிலும் குடியேறும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறொரு வகையின அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக்குகின்றன. இந்தக் குடித்தனம் நிலைபெறச் சில வாரங்கள் செல்லும். அதுவரை மீன்களைச் சிலவாக வைத்து, இரையையும் அளவோடு இடுதல் நன்று.

அயலில் உள்ள சிறுவன் ஒருவன் இதனை அறியான். பொங்கலுக்கு வீடு கழுவியபோது, தன் தொட்டி மணலையும் முற்றாக அள்ளிச் சவர்க்காரத் தூள் இட்டு வெள்ளை வெளேரென்று கழுவினான். இரண்டாம் நாள் ஐந்து மீன்களும் மிதந்தன. அவன் ஓடிவந்து, “நான் வடிவாய்க் கழுவித்தானே வைச்சனான், ஆச்சி?” என்று விம்மினான். அழுக்குக் கொன்றிருந்தால் அவனுக்கு விளங்கியிருக்கும். சுத்தம் கொன்றதை அவனால் தாங்க முடியவில்லை. “நீ மீனில் வைத்த அன்பில் குறையில்லை, ராசா. அந்த மணலிலும் உயிர் இருந்தது” என்றேன்.

இது குழந்தைக்குச் சொன்ன சமாதானமன்று. 1892ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் வாந்திபேதி பரவி எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நகரார் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமலே பருகினர். அதனை ஒட்டியிருந்த அல்ரோனா நகரமோ, அதே ஆற்றில் இன்னும் கீழே, ஹம்பேர்க்கின் கழிவும் கலந்த நீரையே எடுத்தது. ஆனால், மணற் படுக்கைகளினூடாக மெல்ல வடித்துக் கொடுத்தது. அங்கே நோய் மிகக் குறைவாகவே கண்டது. காத்தது மணலும், அதன் மேற்பரப்பில் படர்ந்திருந்த உயிர்ப்படலமுமே.

ஆகவே தொட்டி மணலைச் சுத்தம் செய்வதென்றால் மேலே படிந்த கழிவை அகற்றுவதே. மணல் நெருக்கமாகக் கிடப்பதால் அழுக்கு மேலேயே தங்குகிறது. இறப்பர் குழாயின் வாயை மணலுக்கு இரண்டு விரல் உயரத்தில் பிடித்துச் சிறு வட்டமாகச் சுழற்றினால் கழிவு எழுந்து குழாயினுட் செல்லும். மணல் கீழே தங்கிவிடும். வாரம் ஒருமுறை, நீரில் நாலில் ஒரு பங்குக்கு மேற்படாமல் மாற்றினால் போதும். குழாய் நீரில் குளோரீன் இருப்பின் அதனை நீக்கியே ஊற்ற வேண்டும். குளோரீன் மீனையும் வருத்தும், பற்றீரியாவையும் கொல்லும்.

மணலை அதிக ஆழமாகப் பரப்பினால் அடியில் காற்றின்றிக் கறுத்து, கூழ்முட்டை நாற்றமுள்ள ஐதரசன் சல்பைட்டு உண்டாகக் கூடும். இடைக்கிடை ஒரு குச்சியால் சிறு சிறு பகுதியாகக் கிளறிவிடுவது நல்லது. மணலுக்குள் ஊரும் சுருள் நத்தையும், மீசையால் துழாவி மணலுள் புதையும் அயிரை மீனும் அந்த வேலையைக் கூலியின்றிச் செய்யும். கூரிய சரளைக்கல்லில் அயிரையின் மீசை தேய்ந்துவிடும். அதற்கு உகந்தது மணலே.

இந்த நாளில் மணல் எளிய பொருளன்று. போர் முடிந்து மீண்டு வந்த குடும்பங்களுக்கு வீடு வேண்டியிருந்தது. வீட்டுக்கு மணல் வேண்டியிருந்தது. அதில் குற்றமில்லை. ஆனால், அனுமதியின்றி இரவிலே ஆற்றை வெட்டி ஏற்றுவது வேறு விஷயம். படுகை பள்ளமானால் கரை இடியும். அயற்கிணறுகளின் நீர்மட்டமும் தாழும். மீன் தொட்டிக்கென்று எவரும் மண்வெட்டியுடன் ஆற்றுக்குப் போக வேண்டாம். கட்டட வேலை நடக்கும் வீட்டில் கேட்டால் ஒரு வாளி மணல் தரமாட்டார்களா?

ஒரு வாளி மணலில் ஐந்து மீன்களின் உயிர் தங்கியிருக்கிறதென்றால், ஓர் ஆற்று மணலில் எத்தனை கிணறுகளும் வயல்களும் தங்கியிருக்கும்! இந்தக் கணக்கைப் பிள்ளைகள் தொட்டியிலே கற்றுக்கொள்ளட்டும். பெரியவர்கள் கற்க ஆறு இன்னும் இருக்கிறது.