நாலாவது கூட்டாளி

விடியக்காலமை எழும்பி போனில நிக்ஸ் மேட்ச் பாக்கிறனான். காரணம் நியூயோர்க் இல்லை, வில்லனோவா பல்கலைக்கழகம். ஜேலன் பிரன்சன், ஜோஷ் ஹார்ட், மிக்கல் பிரிட்ஜஸ், டொன்டே டிவின்சென்ஸோ நாலு பேரும் 2016 இல் சம்பியனான அந்த அணியில இருந்தவை. 2018 இல் திரும்ப வென்றபோது இறுதியாட்டத்தில் டிவின்சென்ஸோவுக்கு 31 புள்ளிகள்.

அந்த வருசம் என்பிஏ தெரிவில் பிரன்சன் 33ஆவது ஆள். 2022 இல் நிக்ஸுக்கு வந்து அணியையே தூக்கி நிறுத்தினார். பின்னால ஹார்ட் வந்தார், பிறகு டிவின்சென்ஸோ. 2023-24 இல் டிவின்சென்ஸோ போட்ட 283 மூன்றுபுள்ளிக் கூடைகள் நிக்ஸ் சாதனை. 2024 இல் பிரிட்ஜஸும் வந்தாச்சு. நல்ல அணி கட்டட்டும் எண்டு, காத்திருந்தால் கிடைக்கக்கூடிய கிட்டத்தட்ட 113 மில்லியன் டொலரை பிரன்சன் விட்டுக்கொடுத்தார்.

ஆனா பருவம் தொடங்க முன்னமே டிவின்சென்ஸோவை மினசோட்டாவுக்குக் குடுத்து கார்ல்-அந்தனி டவுன்ஸை எடுத்தினம். நாலு பேரும் நிக்ஸுக்காக ஒண்டா ஒரு லீக் ஆட்டம்கூட ஆடேல்லை. 2025 இல் நிக்ஸ் 25 வருசத்துக்குப் பிறகு கிழக்குப் பிரிவு இறுதிக்குப் போனது. கணக்குச் சரிதான்.

எங்கட பட்சும் முடியப்போகுது. "எங்க போனாலும் ஒண்டா இருப்பம் மச்சான்" எண்டு கன்டீனில கதைக்கிறம். பிரன்சனால தன்ர காசைத்தான் விட்டுக்கொடுக்க ஏலுமா இருந்தது. ஆர் ஆரோட விளையாடுறதெண்டு முடிவெடுக்கிறது வேற ஆக்கள்.