வைத்தியர் திரையில், பக்கத்தில் யார்?

வெள்ளவத்தையில் 155ஆம் இலக்க பஸ் ஏறினால் கொட்டாஞ்சேனையில் இறங்கலாம். ஒரே நகரம்தான், முதியவர்கள் வாழும் விதமோ வேறு. கடந்த மாதம் ஒரே நாளில் இரண்டு இடங்களுக்கும் போனேன். இரண்டு வீடுகளிலும் வைத்தியர் கைத்தொலைபேசித் திரையில் வந்தார்.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையில் ஒரு தொடர்மாடி. எழுபத்தெட்டு வயது அம்மா, யாழ்ப்பாணத்தவர், தனியே இருக்கிறார். கனடாவிலுள்ள மகள் பணம் கட்டி ஒழுங்கு செய்த அழைப்பு அது. வைத்தியர் ஆங்கிலத்தில் கேட்டார்; அங்கிருந்தே மகள் பதில் சொன்னார். பத்து நிமிடத்தில் முடிந்தது. பிறகு தேத்தண்ணி தந்தபடி அம்மா சொன்னார்: "தலை சுத்துது பிள்ளை. பிரஷர் குளிசையை விட்டு மூண்டு கிழமை. மகள் பயப்பிடுவாள் எண்டு சொல்லேல்லை."

எனக்குத் திக்கென்றது. பக்கத்தில் இருந்த நானும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே! உடனே வைத்தியரை மீண்டும் அழைத்தோம். இம்முறை அம்மாவே பேசினார். மருந்து மாற்றப்பட்டது.

பின்னேரம் கொட்டாஞ்சேனை. புனித லூசியா பேராலயத்துக்கு அண்மையில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். சலரோகமுள்ள பாட்டிக்கு அடுத்த வீட்டு மாணவி தொலைபேசியைப் பிடித்தாள். கிளினிக் கொப்பியையும் குளிசை அட்டைகளையும் மேசையில் பரப்பியிருந்தாள். வைத்தியர் சிங்களத்தில் கேட்க, தமிழில் சொன்னாள். வீங்கிய காலைத் திரையில் காட்டினாள். பாட்டி எதையோ சொல்லத் தயங்கியதும் தானாகவே வெளியே போனாள். சலம் அடக்க முடியாத அந்தக் கஷ்டத்தை நான் மொழிபெயர்த்தேன்.

தூரத்து வைத்தியம் நமக்குப் புதிதல்ல. ஆந்திராவின் அரகொண்டா கிராமத்தை 2000ஆம் ஆண்டிலேயே அப்பலோ மருத்துவமனை செய்மதி வழியாக நகரத்து வைத்தியர்களுடன் இணைத்தது. தமிழ்நாட்டின் தேனிப் பகுதியில் 2004 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை கிராமங்களில் கண் நிலையங்களை அமைத்தது. அங்கே பயிற்சி பெற்ற பெண்கள் முதலில் கண்ணைப் பரிசோதிப்பார்கள். பிறகே நோயாளி திரையில் வைத்தியரோடு பேசுவார். இங்கே 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, அரசாங்க கிளினிக் மருந்துகள் தபாலில் வீடு தேடி வந்தன. அப்போதும் வீட்டு வாசலுக்கு ஒரு மனிதர் வரத்தான் வேண்டியிருந்தது.

சகோதரிகளே, உங்கள் ஒழுங்கையிலும் தனித்திருக்கும் ஒரு முதியவர் இருப்பார். அழைப்புக்கு முன் குளிசைகளையும் கிளினிக் கொப்பியையும் எடுத்து வையுங்கள். "எந்த மருந்தை விட்டீங்கள்?" என்று கோபமில்லாமல் கேளுங்கள். பதிலை அவரே சொல்லட்டும். சிறிது நேரம் அவரைத் தனியே பேச விடுங்கள். நெஞ்சு நோவு, வாய் கோணல், மூச்சுத் திணறல் என்றால் திரையை நம்பியிராமல் இலவச அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள்.

அரை மணி நேரம் போதும். அந்த மாணவிக்கு அவ்வளவுதான் ஆனது.