குளம், உப்பு, பறவை

தமிழ்க் கவிஞர்களுக்குப் பறவை விஷயத்தில் ஒரு சௌகரியம் உண்டு. 'ஒரு பறவை' என்று எழுதிவிட்டால் போதும். என்ன பறவை, எதைத் தின்ன எங்கே இறங்கியது என்று யாரும் கேட்பதில்லை. அது உடனே விடுதலையாகவோ தனிமையாகவோ மாறிக்கொள்கிறது. மனித அழுக்குப் படாத ஓர் இடம் எங்கோ இருக்கிறது, அங்கிருந்து இது வந்திருக்கிறது என்ற பாவனை. பழைய அலங்காரங்களை எல்லாம் உதறிய புதுக்கவிதை இதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டது. அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) தமிழில் எழுதிய கட்டுரைகளில் இந்தப் பாவனை கிடையாது. அங்கே பறவைக்குப் பெயர் உண்டு, அலகு உண்டு, பசி உண்டு. 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று அவை தொகுப்பாகவும் வந்துவிட்டன. நம் கவிஞர்கள் அவற்றைப் படித்ததற்கான தடயம் குறைவு.

இதை இப்போது சொல்லக் காரணம் நஞ்சராயன் குளம்.

நான் இருப்பது வீரபாண்டியில். திருப்பூருக்குத் தெற்கே, பல்லடம் சாலையில், இன்று மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட ஊர். பனியன் கம்பெனிகள், சாயப்பட்டறைகள், அவற்றின் கழிவுநீருக்கென்று பொதுச் சுத்திகரிப்பு நிலையம். இங்கிருந்து நகரத்தைக் குறுக்கே கடந்து ஊத்துக்குளி சாலையில் போனால், சர்க்கார் பெரியபாளையம் பக்கம் குளம் வந்துவிடும். பரப்பு சுமார் 125 ஹெக்டேர். 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ராம்சார் என்பது ஈரானில் காஸ்பியன் கடலோரத்து ஊர். ஈரநிலங்களுக்கான சர்வதேச ஒப்பந்தம் 1971இல் அங்கே கையெழுத்தானது. பட்டியலின் கணக்குப்படி இந்தக் குளத்தில் 191 வகைப் பறவைகள் உண்டு. 87 வகைப் பட்டாம்பூச்சிகளையும் எண்ணியிருக்கிறார்கள்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கரை மேல் குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். வாரம் ஆறு நாள் ஓவர்லாக் மெஷின் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவர்கள். தூக்குப்போசியில் தக்காளிச் சாதம், கையில் குழந்தை. யாரும் 191 வகைகளையும் தேடி வருவதில்லை. தண்ணீர் பரந்து கிடப்பதைப் பார்க்க வருகிறார்கள். இந்த ஊரில் அது அபூர்வமான காட்சிதான்.

நாங்கள் நாலு பேர் போயிருந்தோம்: நான், மனைவி, ஒன்பது வயது மகள், என் அப்பா. பைனாகுலர் மகள் கழுத்தில். கூழைக்கடா, நாமக்கோழி, தாழைக்கோழி என்று நான் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தேன். அப்பா பறவைகளைப் பார்க்கவே இல்லை. முப்பது வருஷம் சாயப்பட்டறையில் இருந்தவர். வின்ச்சில் துணி சுற்றிய காலம் தொடங்கி சாஃப்ட் ஃப்ளோ மெஷின் வரை பார்த்தவர். அவர் தண்ணீரைத்தான் பார்த்தார். கரையிலிருந்து இறங்கி, விரலை நனைத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். சாயத் தொட்டியில் சோடா கூடிவிட்டதா என்று பார்ப்பதற்கு அவருக்கு இருந்த வழி அது.

"மாமா, மேல வாங்க. சாக்கடைத் தண்ணியும் சேர்றதுங்க அது. கையைக் கழுவுங்க" என்றாள் என் மனைவி, பாட்டில் தண்ணீரை நீட்டியபடி.

அவள் சொன்னது சரி. இந்தக் குளம் நல்லாற்றை நம்பி இருக்கிறது. நல்லாறு நகரத்தைத் தொட்டுக்கொண்டு வருகிறது. மழைநீரோடு ஊரின் கழிவும் அதில் இறங்குகிறது.

"வழவழப்பு இல்ல. பூச்சி இருக்குது, மீன் குஞ்சு இருக்குது" என்றார் அப்பா, கையைக் கழுவிக்கொண்டே. மகள் கேட்டாள்: "அப்பாரு, கலரே இல்லியே. அப்ப நல்ல தண்ணிதான?"

"கலர் ஒண்ணுமில்ல அம்முணி. கலரை எடுத்துப்போடலாம். உப்புத்தான் போகாது. அது கண்ணுக்குந் தெரியாது."

பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமென்றால் தொட்டியில் உப்புப் போட வேண்டும். மூட்டை மூட்டையாக. சாயத்தை நூலின் பக்கம் தள்ளுவது அந்த உப்பு. சாயத்தில் பெரும்பங்கு துணியோடு போய்விடுகிறது. உப்பு அநேகமாக அப்படியே தண்ணீரில் தங்கிவிடுகிறது. சுண்ணாம்பும் வேறு மருந்தும் போட்டால் நிறம் தெளியும். தெளிந்த தண்ணீரில் உப்பு முழுசாக இருக்கும். பல வருஷங்கள் அந்தத் தண்ணீர்தான் நொய்யலில் போனது. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கியது. கிணறுகள் கெட்டன. எந்த விவசாயிகளுக்காக அணை கட்டினார்களோ அவர்களே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்றார்கள். வழக்கு நடந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் 700க்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் வருமானம் இல்லாத மாதங்கள் இருந்தன. அப்பா தீர்ப்பைத் திட்டியதும் இல்லை, சரி என்றதும் இல்லை. ஒரத்துப்பாளையத்தைப் பார்க்க அவர் போனதே இல்லை.

வீரபாண்டியின் தண்ணீர் நல்லாற்றுக்கு வருவதில்லை, அது நொய்யல் பக்கம். ஆனாலும் அப்பா நஞ்சராயன் குளத்தின் கரையில், தான் கலந்த தண்ணீரின் எதிரில் நிற்பதுபோலத்தான் நின்றார்.

'சரணாலயம்' என்ற சொல் அங்கேதான் எனக்கு உறுத்தியது. அபயம் தேடி வந்த பறவை, அதற்கு இடம் கொடுத்த இயற்கை, வெளியே நிறுத்தப்பட்ட மனிதன் என்று ஒரு சித்திரம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. முதலில் சொன்ன கவிதைப் பாவனையின் இன்னொரு உருவம். நம் ஸ்தூலமான அனுபவத்தில் இதற்கு ஆதாரமே இல்லை. நஞ்சராயன் குளம் இயற்கை தந்த ஏரி இல்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன் நஞ்சராயன் என்ற அரசன் சீர்திருத்தியதால் அவன் பெயரில் நிற்கிற பாசனக் குளம். வேடந்தாங்கலும் ஏரிதான். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்த விவசாயிகள் காத்த ஏரி. ஈரோட்டுப் பக்கம் வெள்ளோட்டிலும் திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்திலும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஜனங்கள் இருக்கிறார்கள். கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள், வீட்டோர மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. மத்திய ஆசியப் பீடபூமிகளிலிருந்து இமயத்தைக் கடந்து வருகிற வரித்தலை வாத்து, தமிழ்நாட்டில் வந்து இறங்குவது மனிதன் வெட்டி, கரை கட்டி, தூர் எடுத்த தண்ணீரில். அது மனிதனிடமிருந்து தப்பி வரவில்லை, மனித உழைப்பின் மேல் வந்து உட்காருகிறது. கரை உடைந்தால் அதுவும் போய்விடும்.

ஒரத்துப்பாளையமும் மனிதன் கட்டியதே. ஆகையால் மனிதன் – இயற்கை என்ற பிரிவு இங்கே எதையும் விளக்குவதில்லை. ஒரு தண்ணீரை அதைச் சார்ந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள். இன்னொரு தண்ணீருக்குள் என்ன போகிறது என்பதைப் பார்க்காமல் இருப்பதில் பலருக்கு லாபம் இருந்தது. ராம்சார் ஒப்பந்தத்தின் மையக் கருத்துகூட விவேகமான உபயோகம் என்பதுதான். பூட்டி வை என்று அது சொல்லவில்லை. 'சரணாலயம்' என்று நாம் மொழிபெயர்த்துக்கொண்டபோது உபயோகம் என்கிற பாதி காணாமல் போயிற்று.

அன்று ஒரு முக்குளிப்பான் எங்களுக்கு முன்னால் மூழ்கியது. "எண்ணு" என்றார் அப்பா. மகள் எண்ணினாள். பதினாலாவது எண்ணில், எதிர்பார்க்காத இடத்தில் எழுந்தது. மூன்று முறை மூழ்கியது. மூன்று முறையும் இருவரும் சேர்ந்து எண்ணினார்கள். அப்பா முழுசாகப் பார்த்த பறவை அது ஒன்றுதான். அதற்குக் கீழே என்ன கிடைக்கிறது என்பதுதான் அவர் கவலை என்று நினைக்கிறேன்.

2011க்குப் பிறகு எங்கள் ஊரில் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது. வடிகட்டி, காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்ப வேண்டும். காய்ச்ச விறகு வேண்டும், மின்சாரம் வேண்டும், ராத்திரி ஷிப்டுக்கு ஆள் வேண்டும். அந்தச் செலவு ஒரு பனியனின் விலையில் ஏறுகிறது. வாங்குகிற வெளிநாட்டுக்காரன் குறைத்துக் கேட்கிறபோது முதலில் கண்ணை உறுத்துவது அந்தச் செலவுதான். அது மிச்சம் பிடிக்கப்படுகிற ராத்திரியில் ஆற்றில் நிறம் எதுவும் தெரியாமல் போகலாம். அடுத்த தடவை 'ஒரு பறவை' என்று எழுத உட்காருகிறவர் இந்தக் காய்ச்சுகிற வேலையையும் அந்தப் பறவையோடு சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது. வரி எழுதுவது கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கும்.