இலைச் சோறு

2006இல் அக்காவின் எடை 34 கிலோ. பெரியம்மா மகள். நாமக்கல் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். லாரி ஓட்டிய மாமா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் படுக்கையில் கிடந்தபோது தினம் ஒரு முட்டையும் வாரம் இருமுறை ஆட்டுக்கால் சூப்பும் உண்டு. காய்ச்சிக் கொடுத்தவள் அக்கா. அவளுக்கும் எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் கொல்லைப்புறத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டன. சேதி பரவியதும் நூல் மில் வேலையும் போயிற்று.

இந்தக் கிருமி இருக்கும் உடம்பு சும்மா இருக்கும்போதே கூடுதலாக எரிகிறது. அறிகுறி இல்லாதவருக்கே 10 விழுக்காடு ஆற்றல் அதிகம் வேண்டும், நோய் முற்றினால் 20 முதல் 30 விழுக்காடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் அப்போதுதான் வாயெல்லாம் வெள்ளை படர்ந்து விழுங்க முடியாமல் போகிறது. விழுங்கியதும் வயிற்றுப்போக்கில் போய்விடுகிறது. 1980களில் உகாண்டா மக்கள் இதை 'மெலிவு நோய்' என்றே அழைத்தார்கள்.

அரசின் இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரலில் தொடங்கியது. அக்கா கைக்கு வர மேலும் இரண்டு வருடம். காலை எட்டு மணிக்கு ஒன்று, இரவு எட்டு மணிக்கு ஒன்று. வெறும் வயிற்றில் போட்டுவிட்டு வாந்தி எடுப்பாள். "முட்டை, பயறு, கீரை நல்லா சாப்பிடுங்கம்மா" என்று ஆலோசகர் தாள் கொடுத்தார். அடுப்பு தன் கையில் இருக்கிறவளுக்கு எழுதிய தாள் அது. அக்காவுக்கு எல்லோரும் உண்டபின் ரேஷன் அரிசிச் சோறும் ஊறுகாயும்தான், அதுவும் மாமியார் அள்ளிப் போட்ட அளவு.

மூன்றாம் மாதம் மருந்து வேலை செய்தது. பசி திரும்பி வந்தது.

"முன்னெல்லாம் பசியே இல்ல கண்ணு. இப்பக் கபகபன்னு எரியுது. மாத்திரைய விட்டுட்டா அடங்கிருமில்ல?"

விட்டும் பார்த்திருக்கிறாள், பதினோரு நாள். இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வருடந்தோறும் வகுப்பில் காயசண்டிகை நடத்துகிறேன். சாபத்தால் பன்னிரண்டு வருடம் யானைத்தீப் பசியில் வெந்தவள், மணிமேகலை இட்ட ஒரு பிடியில் தணிந்தவள். "அதுவரைக்கும் அவளுக்கு யார் மேடம் சோறு போட்டாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். புகாரில் இரந்து உண்டிருப்பாள் என்று ஏதோ சொல்லி நகர்ந்துவிட்டேன்.

அக்கா இப்போது 51 கிலோ. வேறு ஊரில் ஓர் அறை எடுத்து இட்லி மாவு அரைத்து விற்கிறாள். மருந்து அதே அரசு மருந்துதான், அடுப்பு மட்டும் அவளுடையது.

அவள் மாமியாரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். 2007 பொங்கலுக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். தட்டால் தொற்றாது என்று படித்தவள் நான், பிறருக்கு எடுத்துச் சொன்னவளும்கூட. எங்களுக்குத் தட்டு வைத்தேன், அவளுக்கு வாழையிலை போட்டேன். விருந்தாளிக்கு மரியாதை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"எனக்கு மட்டும் இலையா கண்ணு?" என்று சிரித்தாள். இரண்டாவது முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு இலையைத் தானே மடித்து எடுத்துக்கொண்டு, குப்பைக்கூடை எந்தப் பக்கம் என்று கேட்டாள்.